செக் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு: காகித ஆலைக்கு மொழிபெயர்ப்பாளரைத் தேடுவது எப்படி

ஈரோடு பக்கம் ஒரு பேப்பர் மில்லில், செக் நாட்டிலிருந்து வந்த பழைய பல்ப் (காகிதக் கூழ்) லைனை நிறுவிக்கொண்டிருந்த நேரம். கையேடு மொத்தமும் செக் மொழியில். கிண்டியில் இருந்த எங்கள் அலுவலகம் அதை ஓர் ஏஜென்சியிடம் கொடுத்து, பத்தே நாளில் அழகாக பைண்ட் செய்த ஆங்கிலப் பிரதியை வாங்கி அனுப்பிவிட்டது. ஒரு வாரம் கழித்து ஃபோர்மேன் போன் செய்தார். "சார், தண்ணி பிரஷர் குறைஞ்சா மில்லையே நிறுத்தச் சொல்லுதுங்க இந்தப் புத்தகம். மொத்த மில்லையுமா நிறுத்தணுமுங்க?"

கையேடு சொன்னது பல்பை அரைக்கும் இயந்திரமான ரிஃபைனரை. செக் மொழியில் அதை 'ம்லீன்' என்பார்கள். அகராதியைத் திறந்தால் முதலில் வரும் பொருள் மாவு அரைக்கும் ஆலை. மொழிபெயர்த்தவர் அகராதியை நம்பி 'மில்' என்று எழுதிவிட்டார். அவர் செக் தெரியாதவர் இல்லை. அவருக்குத் தெரியாதது காகிதம்.

அன்றிலிருந்து இந்த வேலையை நானே எடுத்துச் செய்கிறேன். எனக்கு இன்றைக்கும் செக் மொழி தெரியாது. தெரியாமலேயே நல்ல ஆளைக் கண்டுபிடிக்கவும், வந்த வேலை சரியா என்று பார்க்கவும் முடியும். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: கையில் இருப்பது என்ன மொழி என்று பாருங்கள்

சிரிக்க வேண்டாம், இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். 1993 ஜனவரி 1-க்கு முன் செக்கும் ஸ்லோவாக்கியாவும் ஒரே நாடு. அந்தக் காலத்து இயந்திரம் என்றால் ஒரே கோப்பில் பாதி செக், பாதி ஸ்லோவாக் இருக்கும். நடுவில் ஜெர்மன் மொழியில் ஒரு பம்ப் கையேடும் செருகியிருக்கும். செக்காரருக்கு ஸ்லோவாக் புரியும்தான். ஆனால் அதிலிருந்து மொழிபெயர்த்துப் பொறுப்பேற்கச் சொல்வது வேறு விஷயம்.

எழுத்தைப் பார்த்தே பிரிக்கலாம். 'ஆர்' எழுத்தின் தலையில் சின்ன 'வி' மாதிரி குறி, 'யு' எழுத்தின் தலையில் குட்டி வட்டம், 'இ' எழுத்தின் தலையில் 'வி' குறி இருந்தால் செக். 'ஓ' மேல் கூரை போட்ட குறி, 'எல்' பக்கத்தில் மேற்கோள் குறி மாதிரி ஒரு கோடு இருந்தால் ஸ்லோவாக். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் போதும். இப்படிப் பிரித்து, ஒவ்வொரு கட்டிலும் எத்தனை பக்கம் என்று எழுதி வையுங்கள்.

ஸ்கேன் பிரதி என்றால் இன்னொரு தொல்லை உண்டு. இந்தத் தலைக்குறிகளை நம் ஊர் ஸ்கேனிங் கடைகளில் மென்பொருள் தின்றுவிடும். எழுத்தை எடுக்கும்போது மென்பொருளில் செக் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வெறும் படமாகவே அனுப்புங்கள். குறி தொலைந்த எழுத்துக்கோப்பைவிடத் தெளிவான படம் எவ்வளவோ மேல்.

இரண்டாவது: எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் வேண்டாம்

கோப்புக் கட்டுக்குள் இருப்பதை மூன்றாகப் பிரிக்கிறேன். இயக்கும் முறை, பாதுகாப்பு, பராமரிப்பு, லூப்ரிகேஷன் அட்டவணை ஆகியவை காகிதம் தெரிந்த மொழிபெயர்ப்பாளருக்கு. ஒப்பந்தம், உத்தரவாதப் பத்திரம், சான்றிதழ் ஆகியவை சட்ட மொழிபெயர்ப்பாளருக்கு. உதிரிபாகப் பட்டியல் மூன்றாவது வகை. அதில் ஒரே சொல் முந்நூறு தடவை வரும். எக்செல் தாளில் போட்டு, மாறும் சொற்களை மட்டும் கொடுத்தால் பணம் நன்றாக மிச்சமாகும்.

டர்பைன் கையேட்டைத் தனியாக வையுங்கள். சொந்தமாக மின்சாரம் எடுக்கும் காகித ஆலைகள் பல. செக் நாட்டில் பில்சென், பிர்னோ இரண்டு ஊர்களும் டர்பைனுக்குப் பெயர் போனவை, ஆகவே அந்தக் காகிதமும் உங்கள் கட்டில் வந்து சேரலாம். டர்பைன் தெரிந்தவருக்குப் பேப்பர் மெஷின் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மூன்றாவது: ஆளைத் தேடுமுன் சொற்பட்டியல்

எல்லோரும் இதைக் கடைசியில் செய்வார்கள், அல்லது செய்யவே மாட்டார்கள். என்னைக் கேட்டால் மொத்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

காகிதத் தொழிலின் செக் சொற்கள் பெரும்பாலும் வீட்டுச் சொற்கள். 'லாட்கா' என்றால் கடைத்தெருவில் துணி, பள்ளிப் பாடத்தில் 'பொருள்'. மில்லில் அது ஸ்டாக், அதாவது தண்ணீரில் கலந்த பல்ப். 'ஸீட்டோ' வீட்டில் சல்லடை, மெஷினில் ஒயர், அதாவது பல்பிலிருந்து தண்ணீர் வடியும் வலை. 'நாட்டொக்' என்ற சொல்லைப் பிரித்தால் 'உள்ளே பாய்வது', அதுதான் ஹெட்பாக்ஸ், ஸ்டாக்கை ஒயர் மேல் பாய்ச்சும் பெட்டி. 'க்ளீஜெனீ' பசை போடுவது போலத் தோன்றும், நம் மில்லில் அதற்கு சைசிங் என்று பெயர், காகிதம் தண்ணீரை உறிஞ்சாமல் செய்வது. 'ம்லெட்டீ' என்றால் அரைத்தல், மில்லில் ரிஃபைனிங். 'ஹுஸ்டோடா' இயற்பியலில் அடர்த்தி, பல்புக்கு வந்தால் கன்சிஸ்டென்ஸி, அதாவது அதில் நார் எத்தனை சதவீதம் என்பது.

இதில் எண்ணும் சேர்ந்துகொண்டால் ஆபத்து. 'ஸுஷினா 42 சதவீதம்' என்று, ஷீட்டை அழுத்தித் தண்ணீரைப் பிழியும் பிரஸ் பகுதியில் எழுதியிருக்கும். அது காய்ந்த பொருளின் அளவு, ட்ரைனஸ். அவசரத்தில் யாராவது 'ஈரப்பதம்' என்று எழுதினால் 58 இருக்க வேண்டிய இடத்தில் 42 உட்கார்ந்துவிடும்.

அதைவிட மோசமானது ரிஃபைனிங் அளவு. ஐரோப்பாவில் ஷாப்பர்-ரீக்லர் டிகிரியில் சொல்வார்கள், நம் ஆட்கள் எஸ்.ஆர். என்பார்கள். கனடிய முறையில் ஃப்ரீனஸ், மில்லிலிட்டரில் வரும். இரண்டும் எதிரெதிர் திசையில் ஓடும். பல்பை அதிகமாக ரிஃபைன் செய்து தண்ணீர் மெதுவாக வடிந்தால் எஸ்.ஆர். ஏறும், ஃப்ரீனஸ் இறங்கும். செக் கையேட்டில் இருக்கும் 'அரைப்பு அளவு' என்ற சொல்லை ஒருவர் வெறுமனே 'ஃப்ரீனஸ்' என்று எழுதி, அலகையும் விட்டுவிட்டால், ஆபரேட்டர் ரிஃபைனரைத் தப்பான பக்கம் திருப்புவார். ஒயரில் தண்ணீர் வடியாது, ஷீட் அறுந்துகொண்டே இருக்கும். காரணம் புத்தகத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது.

ஆகவே முதலில் மில்லுக்குப் போங்கள். ஸ்டாக் பிரிபரேஷன் ஃபோர்மேன், மெஷின் ஃபோர்மேன், மெயின்டெனன்ஸ் ஃபிட்டர் மூவரோடும் அரை நாள் உட்காருங்கள். வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக் காட்டி, "இதை நீங்க என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்டு எழுதுங்கள். அறுபது எழுபது சொல் தேறும். நான் முதல் தடவை உட்கார்ந்தபோது, எங்கள் அலுவலகம் 'ஃபார்மிங் ஃபேப்ரிக்' என்று எழுதி வந்ததை ஃபிட்டர் பென்சிலால் அடித்து, ஓரத்தில் 'ஒயர்' என்று எழுதினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கையேட்டை இரவு இரண்டு மணிக்குக் கையில் எடுக்கப் போகிறவர் அவர். அவர் சொல்தான் கையேட்டில் இருக்க வேண்டும்.

செக் பக்கத்தை மொழிபெயர்ப்பாளர் வந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: நம் மொழி போலவே அங்கேயும் வேற்றுமை உண்டு, ஏழு. சொல்லின் வால் மாறிக்கொண்டே இருக்கும். 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' கிடைக்காதது போல, கோப்பில் ஒரு சொல்லை அப்படியே தேடினால் பாதி இடங்கள் தப்பிவிடும். முதல் நாலைந்து எழுத்தை வைத்துத் தேடுங்கள்.

நான்காவது: எங்கே தேடுவது

சென்னையில் ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் ஆள் பஞ்சம் இல்லை. செக் அப்படியில்லை. இங்குள்ள ஏஜென்சிகள் பெரும்பாலும் வெளியே யாரிடமாவது கொடுத்துத்தான் வாங்குவார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. "யார் செய்வார்? அவருடைய விவரக்குறிப்பைப் பெயர் மறைத்தாவது காட்டுங்கள். அவரிடம் கேள்வி கேட்க வழி உண்டா?" என்று மட்டும் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வராவிட்டால் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். இந்தியாவுக்குள்ளேயே தேடினால் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஸ்லாவிய மொழித் துறையில் செக் கற்றுத் தருகிறார்கள். அங்கே படித்தவர்கள் கடிதப் போக்குவரத்துக்கும், கூடவந்து பேசுவதற்கும் உதவுவார்கள்.

கையேட்டுக்கு ஆள் என்றால் செக் நாட்டிலேயே தேடுவதுதான் என் பழக்கம். பிராக் நகரில் 1990-ல் தொடங்கிய மொழிபெயர்ப்பாளர் சங்கம் ஒன்று இருக்கிறது, சுருக்கமாக ஜே.டி.பி. அதன் உறுப்பினர் பட்டியலில் மொழியையும் துறையையும் வைத்துத் தேடலாம். மொழிபெயர்ப்பாளர்களைத் தேடும் ப்ரோஸ் (ProZ) இணையதளத்தில் 'பேப்பர் மேனுஃபேக்சரிங்' என்று தனித் துறையே உண்டு. செக்-ஆங்கிலம் என்று மொழியைப் போட்டு, அந்தத் துறையைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். பட்டியல் வரும். நம்பி இறங்கிவிடாதீர்கள். காகிதம், மருத்துவம், வங்கி, ஃபேஷன் என்று முப்பது துறைகளுக்கு டிக் போட்டவர் இருப்பார். ஐந்தே துறை போட்டு, அதில் காகிதமும் ரசாயனமும் இயந்திரமும் இருப்பவரைத்தான் நான் முதலில் கூப்பிடுவேன்.

பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. பர்துபித்ஸே பல்கலைக்கழகத்தின் ரசாயனத் தொழில்நுட்பப் பிரிவில் மரம், செல்லுலோஸ், காகிதம் படிப்பு உண்டு. ஒலொமௌட்ஸ் நகரில் பலாட்ஸ்கி பல்கலைக்கழகம் மொழிபெயர்ப்புக்குப் பெயர் பெற்றது. காகித இயந்திரங்கள் செய்து வந்த பாப்செல் நிறுவனத்தின் ஊரான லிட்டோவெல் அங்கிருந்து அடுத்த ஊர் மாதிரிதான், சுமார் 20 கிலோமீட்டர். ஷ்டெட்டீ, வெட்ர்னி போன்ற ஊர்களில் தலைமுறைகளாகக் காகிதத் தொழில் பார்த்தவர்கள் உண்டு. இந்த வட்டாரங்களில் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மொழிபெயர்ப்புக்கு வந்த பொறியாளர்கள் கிடைப்பார்கள். அப்படி ஒருவர் அமைந்துவிட்டால் விட்டுவிடாதீர்கள். அவருடைய ஆங்கிலம் கொஞ்சம் கரடாக இருக்கலாம். நல்ல ஆங்கிலம் தெரிந்த ஒருவரை மேல்பார்வைக்குப் போட்டுக்கொள்ளலாம். 'தாய்மொழி ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டும்' என்று பிடிவாதம் பிடித்தால், செக் போன்ற சின்ன மொழியில் காகிதம் தெரிந்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறோம் என்று தயங்க வேண்டாம். பிராக்கில் பிறந்த கமில் சுவலபில் (1927–2009) வாழ்நாள் முழுக்கத் தமிழ் படித்தவர். மொழி மீது இந்த அளவு அக்கறை உள்ள ஊர் அது. மரியாதையாகவும் தெளிவாகவும் எழுதிய கடிதத்துக்கு எனக்கு எப்போதும் பதில் வந்திருக்கிறது.

ஒப்பந்தங்களுக்கு மட்டும் வேறு கதவு. செக் நீதித்துறை அமைச்சகம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களின் பொதுப் பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கிறது. 2021 முதல் அங்கே எழுத்து மொழிபெயர்ப்பாளரும் வாய்மொழி பெயர்ப்பாளரும் சட்டப்படி தனித்தனி வகை. நமக்கு வேண்டியது எழுத்து வகை. அவர்கள் தரும் பிரதியில் வட்ட முத்திரை இருக்கும், மூலத்தோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள். இந்த முத்திரைக்காக ஆபரேட்டர் கையேட்டுக்கும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். முத்திரை சட்டத்துக்கு, ரிஃபைனருக்கு அல்ல.

ஐந்தாவது: சோதனைப் பக்கம், காசு கொடுத்து

மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரே பக்கத்தை மூவருக்கும் கொடுங்கள். இலவசமாகக் கேட்காதீர்கள். ஒரு பக்கக் காசு கொடுத்தால் அவர்களும் முழு மனதோடு செய்வார்கள், நாமும் கறாராகப் பார்க்கலாம்.

பக்கத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கும் விதத்தில் எல்லாம் இருக்கிறது. ஸ்டாக் பிரிபரேஷனிலிருந்து ஒயர் வரை போகும் பக்கமாக எடுங்கள், மேலே சொன்ன வீட்டுச் சொற்கள் எல்லாம் அதில் வரும். அந்த இயந்திரம் எப்படி ஓடும் என்று உங்கள் ஃபோர்மேனுக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே விடைத்தாளைத் திருத்தச் செக் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் 'துணியைத் தயார் செய்க' என்று வந்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

எண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். செக் வழக்கத்தில் தசமத்துக்குக் கமா, ஆயிரத்துக்கு இடைவெளி. 3,5 என்பது மூன்றரை. அந்தக் கமா தொலைந்தால் கன்சிஸ்டென்ஸி 35 ஆகிவிடும், எந்த பம்பும் அதைத் தள்ளாது.

கடைசியாக, அவர் என்ன கேள்வி கேட்டார் என்று பாருங்கள். நான் எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன். "படத்தில் வால்வு எண் வேறு, பத்தியில் வேறு, எது சரி?" "உங்கள் ஆலையில் மூலப்பொருள் மரமா, கழிவுத்தாளா?" என்று கேட்பவர் தேறிவிட்டார். நம் ஊரில் கரும்புச் சக்கையும் உண்டு. 1979-ல் தொடங்கிய டி.என்.பி.எல். புகளூரில் சக்கையை வைத்துத்தான் பேர் வாங்கியது. மரத்தையே பார்த்து வளர்ந்த செக்காரருக்கு இது புதிதாக இருக்கும், நாமே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. ஒரு கேள்வியும் கேட்காமல் மறுநாளே பக்கத்தை அனுப்பியவரிடம் எனக்குப் பயம்தான்.

இயந்திர மொழிபெயர்ப்பு பற்றி

கூகுள், டீப்எல் இரண்டும் செக் மொழியை ஓரளவு நன்றாகவே செய்கின்றன. கட்டில் எந்தக் காகிதம் எதைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்க நானும் பயன்படுத்துகிறேன். கையேட்டுக்கு வேண்டாம். 'லாட்கா' ஒரு வரியில் ஸ்டாக் என்றும் அடுத்த வரியில் பொருள் என்றும் வரும், இரண்டும் படிக்க நன்றாகவே இருக்கும். நன்றாக இருக்கும் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஒப்பந்தத்தையும் வரைபடத்தையும் இலவசத் தளத்தில் ஏற்றாதீர்கள். 'மெஷினில் போட்டுத் திருத்தித் தருகிறோம்' என்று ஏஜென்சி சொன்னால் அது ஏற்புடைய வேலைமுறைதான், அதற்கென ஐ.எஸ்.ஓ. 18587 என்ற தரநிலையே இருக்கிறது. ஆனால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.

ஆறாவது: விலை, நாள், வரி

செக்காரர்கள் 'நார்மோஸ்ட்ரானா' கணக்கில் விலை சொல்வார்கள். இடைவெளியையும் சேர்த்து 1800 எழுத்துக் குறிகள் ஒரு பக்கம். நம் ஊர் ஏஜென்சி சொல் கணக்கில் சொல்லும். செக் மொழியில் ஆங்கிலத்தின் 'எ', 'தி' போன்ற சொற்கள் கிடையாது, ஆகவே ஆங்கிலத்தில் சொல் எண்ணிக்கை கூடும். கணக்கு மூலத்தை வைத்தா, மொழிபெயர்ப்பை வைத்தா என்று முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். நாணயம் கொருணாவா யூரோவா என்பதையும் கேளுங்கள்.

நல்ல ஆள் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டுப் பக்கம் செய்வார். முந்நூறு பக்கக் கையேட்டைப் பத்து நாளில் தருகிறேன் என்றால், பலர் பிரித்துக்கொண்டு செய்கிறார்கள் அல்லது மெஷின் செய்கிறது என்று அர்த்தம். பத்தே நாளில் வந்த அந்த முதல் கையேட்டின்போது இந்தச் சின்னக் கணக்கை நான் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

ஏஜென்சி என்றால் ஐ.எஸ்.ஓ. 17100 இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தத் தரநிலைப்படி மொழிபெயர்த்தவர் அல்லாத இரண்டாவது ஆள் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வரிப்பிடித்தம், ஜி.எஸ்.டி. ரிவர்ஸ் சார்ஜ் (வாங்குகிற நாமே வரி கட்டுவது) இரண்டும் வரலாம். முதல் பில் வருமுன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

ஏழாவது: வேலை நடக்கும்போது

மொத்தத்தையும் ஒரே மூச்சில் வாங்காதீர்கள். முதல் இருபது பக்கம் வந்ததும் மில்லுக்கு அனுப்பி, ஃபோர்மேன் படித்துத் திருத்திய பிறகே மீதி. பொதுவில் ஒரு எக்செல் தாள் வையுங்கள்: அவர் கேள்வி, நம் பதில், முடிவான சொல். நேர வித்தியாசம் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை. காலையில் மில்லில் கேட்டு எழுதி வைத்தால், அவர் வேலைக்கு உட்காரும்போது பதில் இருக்கும்.

எச்சரிக்கை வாசகங்களை மட்டும் தனியாக எடுத்து இரண்டு தடவை பாருங்கள். உருளைகள் சேரும் இடத்தில் கை மாட்டுவது பேப்பர் மெஷினில் உயிர் போகும் விஷயம். 'அபாயம்', 'எச்சரிக்கை', 'கவனம்' என்ற மூன்று நிலைகளுக்கும் செக் மொழியில் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆங்கிலத்திலும் அவை கடைசிப் பக்கம் வரை ஒரே மாதிரி வர வேண்டும்.

பொறியாளர் நேரில் வந்தால்

எழுத்துக்கு நல்லவர் பேச்சுக்கும் நல்லவராக இருக்க வேண்டியதில்லை. எரெக்ஷனுக்கு, அதாவது இயந்திரத்தை நிறுவ, ஆள் வந்தால் வாய்மொழி பெயர்ப்பாளரைத் தனியாகப் பிடியுங்கள், முந்தின நாளே சொற்பட்டியலைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

நாமும் இரண்டு விஷயம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அவர்கள் 'எட்டில் பாதி' என்று சொன்னால் அது ஏழரை மணி. ஸ்டார்ட்அப் நேரம் பேசும்போது எண்ணால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், ஜூன் 'செர்வென்', ஜூலை 'செர்வெனெட்ஸ்'. வால் மட்டும்தான் வித்தியாசம். உதிரிபாகம் எந்த மாதம் கப்பல் ஏறுகிறது என்ற கடிதத்தில் இதைத் தவறவிட்டால், கிரேனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு மாதம் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வேலை முடிந்ததும் சொற்பட்டியலின் கடைசிப் பிரதியை மொழிபெயர்ப்பாளரிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிடலாம். ஈரோட்டு மில்லுக்கு இரண்டாவது முறை நல்ல கையேடு போனபோது, அந்தப் பட்டியலை மூன்று வரிசையாக அச்சடித்து லேமினேட் செய்து கொடுத்தேன்: செக், ஆங்கிலம், தமிழ். ரிஃபைனர் பேனல் பக்கத்தில் ஃபோர்மேனே அதைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார். 'ம்லீன்' என்ற வரிக்குக் கீழே மட்டும் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.